பெத்கானா குறைத்த வெளிச்சம்

பல்கேரியாவில் ப்ளோவ்டிவ் நகரத்துக்குப் போகிற ரோட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் எங்கள் ஃபேக்டரி. சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அரைத்துத் தொக்காக்கி பாட்டிலில் அடைக்கிறோம். அதன் வாசல் காவல் பெத்கானா. கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்று, புருஷனை மண்ணுக்குக் கொடுத்து, இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். குரல் எடுத்தாள் என்றால் வெளியே ரோட்டில் போகிற லாரிக்காரன் பிரேக் போடுவான். நல்லவளா என்று கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டேன். நேர்மையானவள். கூட இருப்பவர்களுக்கு அது எப்போதும் சௌகரியமான குணம் இல்லை.

சாவு என்றால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் போன் போட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. கறுப்புக் கட்டம் போட்டு, நடுவில் போட்டோ வைத்து நோட்டீஸ் அடிப்போம். வீட்டுக் கதவு, பஸ் ஸ்டாப், பேக்கரி வாசல், மரம் என்று ஒட்டுவோம். நாற்பதாம் நாள் ஒன்று, வருஷம் திரும்பினால் இன்னொன்று. பெத்கானா காலையில் வேலைக்கு நடந்து வரும்போதே வழியில் இருக்கிற நோட்டீஸ் அத்தனையையும் படித்துவிட்டு வருவாள். ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்குள் மலர் வளையத்துக்கு வசூல் தொடங்கிவிடும். யார் சாவுக்கும் அவள் போகாமல் இருந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

பாய்லர் ரூமில் இருந்த மனோல் அவளுக்குக் கூம். கல்யாணத்தில் மணமக்களுக்குப் பின்னால் நின்று இரண்டு தலைக்கும் கிரீடம் மாற்றி வைக்கிறவரை அப்படித்தான் சொல்வோம். பிறக்கிற பிள்ளைக்கும் அவர்தான் ஞானத்தகப்பன். அப்பா அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டால் ஊர் மன்னிக்கும், கூமிடம் போட்டால் மன்னிக்காது. மனோல் அவளைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர் என்றாலும் பெத்கானா எழுந்து நின்றுதான் பேசுவாள். 'நீங்க, வாங்க' தவிர வேறு வார்த்தை வராது. அவள் புருஷனைப் புதைத்த அன்று குழிக்குப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் மனோல்தான்.

போன வருஷம் மிளகாய் சீசனுக்கு முன்னால் பஞ்சிங் மிஷின் வந்தது. அதற்கு முன்பு வந்தவர் போனவர் கணக்கெல்லாம் பெத்கானாவின் தலைக்குள் இருந்தது. இப்போது அவள் கூண்டுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி. கார்டைக் காட்டினால் கீச்சென்று கத்தி, திரையில் நம் போட்டோவையும் பேரையும் மணியையும் காட்டும். வெளியே போகும்போதும் காட்ட வேண்டும். காட்டாமல் போகிறவர்களை உடனே ஆபீஸில் சொல்ல வேண்டும் என்று பெத்கானாவுக்கு உத்தரவு.

மனோலுக்கு அப்போதே நெஞ்சில் சளி. பாய்லர் சூட்டில் மூச்சு முட்டினால் கேட்டுக்கு வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார். கார்டெல்லாம் காட்டமாட்டார். காவல்காரி தன் கூமுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று மிளகாய் உரிக்கிற லைனில் பேச்சு வந்தது. பேசினவர்களில் நானும் ஒருத்தி, இல்லை என்று சொல்லமாட்டேன். அது பெத்கானா காதுக்குப் போனது. மறுநாளே ஆபீஸுக்குப் போய் முதல் ஆளாக மனோல் பேரைச் சொன்னாள். அவருக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள்.

ஷிஃப்ட் மாறுகிற நேரம், கார்டு காட்ட வரிசையில் நாங்கள் அத்தனை பேரும் நிற்கிறோம். மனோல் கூண்டு முன்னால் வந்து நின்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, எதற்காக இப்படிச் செய்தாய் என்றுதான் கேட்டார். வரிசையே தன்னைப் பார்க்கிறது என்று பெத்கானாவுக்குத் தெரிந்தது. அதற்காகவே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"கேட்டுக்கு உள்ள நீ எனக்குக் கூம் இல்ல. நீ வெறும் ஒரு கார்டு."

நீ என்றாள். அதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. மனோல் கார்டைக் காட்டிவிட்டு மிஷின் கத்துகிற வரைக்கும் பொறுமையாக நின்றுவிட்டுப் போனார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எங்களுக்கு மன்னிப்பு ஞாயிறு. சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய், கூம் வீட்டுக்குக் கட்டாயம் போய், கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்போம். அவர்களும் மன்னித்தேன் என்று சொல்லிச் சாப்பாடு போடுவார்கள். தப்பு செய்தோமா இல்லையா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. அன்று பெத்கானா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். நான் போய்க் கூப்பிட்டேன். முட்டி வலி, பிறகு பார்க்கலாம் என்றாள். அந்த முட்டியோடு மறுநாள் பக்கத்து ஊருக்கு நடந்தே ஒரு சாவுக்குப் போய்வந்தாள். வெயில் காலத்தில் மனோல் நுரையீரல் கெட்டுப் படுத்தார். மெடிக்கல் லீவு போட்டார். அப்போதும் அவள் போகவில்லை.

இனி அந்த வெளிச்சத்துக்கு வருகிறேன். பஞ்சிங் மிஷின் திரை வெள்ளை வெளேரென்று எரியும். எங்களுக்கு அது அரை நிமிஷம். பெத்கானாவுக்கோ நாள் முழுக்க நேராகக் கண்ணில் அடிக்கிறது. கூண்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி முதுகுப் பக்கமிருந்தும் அடிக்கிறது. இடம் மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டாள். எலக்ட்ரீஷியன் வருவான் என்றார்கள். அவன் வரவில்லை. மாட்ட வந்த ஆள் எந்தப் பட்டனை அழுத்தினான் என்று அவள் அன்றைக்கே பார்த்து வைத்திருந்தாள். பாஸ்வேர்டு பெரிய தேவ ரகசியமெல்லாம் இல்லை, நான்கு பூஜ்யம். உள்ளே போனால் எழுத்தெல்லாம் அவளுக்குப் புரியாத பாஷை. ஆனால் ஒரு சின்னச் சூரியன் படம் இருக்கும். அதன் பக்கத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள். கீழ் அம்புக்குறியை அழுத்த அழுத்தக் கோடு ஒவ்வொன்றாகக் குறையும், திரையும் மங்கும். பெத்கானா ஒரே ஒரு கோடு மிச்சம் வைத்துவிட்டு ஓகே கொடுத்தாள்.

ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிற ரலிட்சா என்ற பெண் காலையில் வந்து வெளிச்சத்தை ஏற்றுவாள். அவள் தலை மறைந்ததும் பெத்கானா இறக்குவாள். இந்தக் கூத்து சில வாரம் நடந்தது. பிறகு அந்தச் சின்னப் பெண் சலித்துப்போய் விட்டுவிட்டாள். கஷ்டம் எங்களுக்குத்தான். கீச் சத்தத்தை நம்பி உள்ளே போக வேண்டும், திரையில் எழுத்து ஒன்றும் தெரியாது. வெறும் முகம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி எட்டிப் பார்க்கும். "தினம் காலையில என் சாவு நோட்டீஸை நானே பாத்துட்டு வேலைக்குப் போறேன்," என்று லைனில் என் பக்கத்தில் நிற்கிற மின்கா சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். பெத்கானா மட்டும், கண்ணு போனா நீ தருவியா என்று பதில் கொடுப்பாள்.

இந்த வருஷம் சீசன் மும்முரமாக இருந்த சமயத்தில் ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு. இனிமேல் வாசல் சுவரில் எந்தத் தாளும் ஒட்டக்கூடாது, அறிவிப்பு எல்லாம் மிஷின் திரையிலேயே வரும் என்று. பெத்கானா சாவு நோட்டீஸ் ஒட்டி வைக்கிற இடமும் அதோடு போனது. அதற்கு அவள் ஆபீஸையே சபித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை முதல் ஷிஃப்டுக்கு நாங்கள் வந்தபோது பெத்கானா கூண்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த சாவிக்கொத்தால் மிஷினைக் காட்டினாள். யாரும் கார்டு காட்டாத நேரத்தில் வழக்கமாக மணி மட்டும் ஓடுகிற திரையில் அன்று மனோல் முகம் இருந்தது. கறுப்புக் கோட்டு, டை. அவர் தன் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டிக் கார்டுக்காகக் கொடுத்தது, நோட்டீஸுக்கென்றே எடுத்த மாதிரி. சுற்றிலும் கறுப்புக் கட்டம். கீழே ஏதோ எழுத்து, நூல் மாதிரி. நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்கும் சந்தேகமே வரவில்லை. வியாதியில் கிடக்கிற மனுஷர், கறுப்புக் கட்டம், நடுவில் போட்டோ. அதற்கு மேல் எங்கள் ஊரில் யார் எழுத்தைப் படிக்கிறார்கள்.

"தோன்கா, நான் கேக்கலடி," என்றாள் என்னிடம். "மன்னிப்பு கேக்காமலே விட்டுட்டேன்."

மின்கா அழத் தொடங்கினாள். பிறகு லைனில் எல்லோரும். பாய்லர் ரூமில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். மிளகாய்க் கரியும் சாறும் ஒட்டின கையால் கண்ணைத் துடைத்ததில் பாதிப் பேருக்குக் கண் எரிந்து இன்னும் அதிகமாக அழுதார்கள். வளையத்துக்கு வசூல் நடந்தது, ஆனால் வழக்கம்போல் பெத்கானா நடத்தவில்லை. அவள் கூண்டுக்குள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தாள். இடைவேளை மணி அடித்ததும் சாவியை என் கையில் திணித்துவிட்டு, ரோட்டோரப் பூக்காரியிடம் வெள்ளைச் சாமந்தி வாங்கிக்கொண்டு மனோல் வீட்டுக்கு நடந்தாள். கார்டு காட்டவில்லை.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ரலிட்சா வாசலுக்கு வந்தாள். எல்லோரும் ஏன் அழுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. சொன்னோம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு மிஷினிடம் ஓடினாள். நான்கு பூஜ்யம், சூரியன், மேல் அம்புக்குறி. கோடு ஏற ஏறக் கறுப்புக் கட்டம் கருநீலமானது. கட்டத்தில் சிவப்பும் பச்சையுமாக பலூன்கள் தெரிந்தன. பிறகு ஒரு கேக். கடைசியில் மஞ்சள் எழுத்தில் 'பிறந்தநாள் வாழ்த்துகள், மனோல்' என்று வந்தது.

முதலில் மின்காதான் சிரித்தாள். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. பாதி அழுகை, பாதி சிரிப்பு. ரலிட்சா மட்டும் சிரிக்கவில்லை. லீவில் இருக்கிற ஆளை மறக்கவில்லை என்று காட்டத்தான் முதல் வாழ்த்தாக அவர் படத்தைப் போட்டேன் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். பெத்கானா எங்கே என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சரக்கு வண்டிக்காரனைக் கெஞ்சி ஏழெட்டுப் பேர் பின்னால் ஏறிக்கொண்டோம். அவளைக் காப்பாற்றத்தான் போனோம் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். பொய். வேடிக்கை பார்க்கத்தான் போனோம். அந்த வாய் இன்றைக்கு என்ன சொல்லப்போகிறது என்று பார்க்கத்தான் போனோம்.

அதற்குள் அங்கே நடந்ததை மனோலின் மனைவி பிசேரா பிறகு என்னிடம் சொன்னாள். பெத்கானா வீட்டுக்கு வந்தபோது கேட்டில் நோட்டீஸ் இல்லை. இன்னும் அடித்து வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். கேட்டைத் தட்டத் தைரியம் இல்லை. இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்து, சாத்தின வீட்டைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டாள். ஊர் பேச்சுக்குப் பயந்து உங்களைக் காட்டிக்கொடுத்தேன், நீங்கள் வெறும் கார்டு இல்லை, என் தலையில் கிரீடம் வைத்தவர், அந்த வார்த்தை அன்றையிலிருந்து என் தொண்டையிலேயே நிற்கிறது, மன்னித்துவிடுங்கள் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஒரு வருஷம் வராத வார்த்தைகள் செத்தவருக்கு முன்னால் தங்குதடையில்லாமல் வந்தன.

முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் மனோல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்கு முன்னால் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கேட்டு திறந்துதான் இருக்கு, பெத்கானா," என்றார்.

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாளாம். சத்தம் கேட்டுப் பிசேரா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பெத்கானாவையும் பூவையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறந்தநாளை ஞாபகம் வைத்து வந்துவிட்டாயே, எத்தனை நாளாகக் காத்திருந்தோம் தெரியுமா என்று உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டாள். பெத்கானா அதற்கு ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டவும் செய்தாள் என்று நினைக்கிறேன். அதற்குள் பிசேரா பூவை வாங்கிக் கையில் பிரித்துப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவருக்கு ஒற்றைப் படையில் கொடுப்போம், செத்தவருக்கு இரட்டைப் படையில். பூ கைக்கு வந்தால் எண்ணாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. பிசேரா முகம் அப்படியே இறுகிப்போனது.

"எத்தனை?" என்று கேட்டார் மனோல்.

"ஆறு."

மனோல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகு நேரம் நிற்கவில்லை. பிசேரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெத்கானா மிஷின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெளிச்சத்தைக் குறைத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். மனோல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் மிளகாய் கருகியது, யாரும் திருப்பிப் போடவில்லை.

நாங்கள் வண்டியிலிருந்து குதித்தது அந்த நேரத்தில்தான். மின்காவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. முற்றத்துக்குள் எட்டிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பெத்கானா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தத் தலையை நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை.

"கேட்டுக்கு வெளிய நின்னு எனக்கு என்னமோ சொன்னியே," என்றார் மனோல். "அதைக் கேட்டுக்கு உள்ள நின்னு சொல்லு. மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பெத்கானா அடுப்பு வரைக்கும் போய் நின்றாள். செத்தவர் திருப்பிப் பார்ப்பதில்லை, பதில் சொல்வதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் இருமுகிறார், பார்க்கிறார், காத்திருக்கிறார். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. காவல்காரி கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று லைனில் பேசினது என் வாயும்தானே. போய்விடலாம் என்று மின்கா கையை இழுத்தேன். அவள் நகரவில்லை. பெத்கானாவும் எங்களைப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கும் இதே கூட்டம்தான் நின்றது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கூமே," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இவங்க எல்லார் முன்னாலயும் உங்களை நான் கேவலப்படுத்தினேன். நான் நல்லவள்னு பேர் வாங்குறதுக்காக. உங்களுக்கு நெஞ்சு சரியில்லன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

குனிந்து அவர் கையை முத்தமிட்டாள். மிளகாய்க் கரி படிந்த கை. அவள் உதட்டில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"ஆண்டவர் மன்னிப்பார். நானும் மன்னிச்சேன்," என்றார் மனோல். மன்னிப்பு ஞாயிறன்று எல்லோரும் சொல்கிற அதே வார்த்தைதான். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு மிளகாய் பக்கம் திரும்பி, கருகினதை ஒதுக்கத் தொடங்கினார்.

அதோடு முடிந்திருந்தால் பெத்கானா நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் பிசேராவுக்கு அடக்க முடியவில்லை. கையில் அந்த ஆறு பூவோடு நின்றபடியே சொன்னாள்.

"சாவுன்னாத்தான் வருவியா பெத்கானா? மன்னிப்பு ஞாயிறன்னைக்கு உனக்கும் சேத்துத் தட்டு வச்சிருந்தோம். ஹல்வா வெட்டி வச்சிருந்தோம். பிள்ளைங்க சாப்பிட்டுப் போயிட்டாங்க. இவரு மட்டும் சாப்பிடாம கேட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. வருவா, முட்டி வலிச்சுக்கிட்டு மெதுவா வருவான்னாரு. மறுநா காலைலதான் அந்தத் தட்டை எடுக்க விட்டாரு."

பெத்கானா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டோம்.